நாற்பது பேரும் ஒரு கமராவும்: திருகோணமலையில் மாணவர் படப்பிடிப்புக்குத் திட்டமிடுவது

உயர்தர வகுப்பு விடைபெறும் நாள், இல்ல விளையாட்டுப் போட்டி, மாணவர் தலைவர்களுக்குச் சின்னம் சூட்டல், மன்றத்தின் ஆண்டு மலர் என்று திருகோணமலையில் ஏதாவது ஒரு மாணவர் கூட்டம் ஆண்டு முழுவதும் படத்துக்கு நின்றுகொண்டேயிருக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஐந்தரைக்கு வரச்சொன்னவர்கள் ஆறேகாலுக்கு வந்து சேர்வார்கள், வெயில் ஏறிவிடும், எல்லாரும் ஓடத் தொடங்குவார்கள். அந்த ஓட்டத்தில்தான் ஒருவர் பாசிப் பாறையில் வழுக்குகிறார். அந்த ஓட்டத்தில்தான் பின்வரிசையில் நாலு பேருடைய முகம் மறைந்துபோகிறது, ஒருவருடைய பெயர் விடுபடுகிறது. விபத்தும் கெட்ட படமும் ஒரே அவசரத்தின் பிள்ளைகள். அந்த அவசரத்தைக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்பே களைவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. பொறுப்பெடுக்கும் ஆசிரியர், வகுப்புத் தலைவர், கமராக்காரர் மூவருக்குமாக எழுதுகிறோம். கணக்குக்கு 40 மாணவர்கள், 4 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வெளிச்சமும் காற்றும்

திருகோணமலைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நகரத்தின் கிழக்கே டச்சுபே பக்கம் சூரியன் கடலிலிருந்து எழும். அன்று மாலையே மேற்கே உட்துறைமுகத்துக்கு மேலாக இறங்கும். ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆகவே ஒரே நாளில் விடியலையும் அந்தியையும் நீர் பின்னணியோடு எடுக்க முடிகிற ஊர் இது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது. விடிய நாலரைக்கு எழும்பிய பிள்ளை மாலை ஐந்து மணிக்குச் சிரிக்காது. ஒரு சனிக்கிழமை காலை, அடுத்த சனிக்கிழமை மாலை என்று பிரித்துவிடுங்கள்.

சூரிய உதயம் இங்கே மே கடைசியில் 5.45 அளவில், பெப்ரவரியில் 6.25 அளவில். மறைவது நவம்பரில் 5.45க்குச் சற்று முன்னர், ஜூலையில் 6.30ஐ ஒட்டி. உதயத்துக்கு 20 நிமிடம் முன்னிருந்து உதயத்துக்குப் பின் ஒரு மணித்தியாலம் வரைதான் முகத்துக்கு நல்ல வெளிச்சம். எட்டு மணிக்குப் பிறகு கண்குழியில் நிழல் விழத் தொடங்கும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் எங்கள் நேர் உச்சிக்கு வருவதால், அந்த நாட்களில் பகலில் வெளியே எடுக்கும் முகங்களுக்குக் கண்ணே இருக்காது. பத்து மணியிலிருந்து நாலு மணி வரை கமராவை மூடி வைப்பதே உத்தமம்.

டச்சுபேயில் பலர் செய்யும் தவறு ஒன்று. கடல் பின்னால் தெரிய வேண்டும் என்று பிள்ளைகளைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்துவார்கள். சூரியனும் அங்கேதான் இருக்கிறது, முகம் கரிக்கும். கடலைப் பார்க்க நிறுத்தினால் கண்ணைச் சுருக்குவார்கள், பின்னணியில் வீதியும் மின்கம்பமும் வரும். தீர்வு இரண்டு. உதயத்துக்கு முந்திய 20 நிமிடத்தில் வானம் முழுதும் மென்மையாக ஒளிரும்போது கடல் பின்னணிப் படங்களை எடுத்து முடித்துவிடுங்கள். சூரியன் ஏறிய பிறகு கரையோரமாக, கரை நீளும் திசையில் கமராவைத் திருப்புங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும், மணலே ஒளியைத் திருப்பி நிழலை நிரப்பும்.

காற்றைப் பற்றி வெளியூர்க் கமராக்காரர்களுக்குத் தெரியாத ஒரு விடயம் கச்சான். வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் வறண்ட காற்று. கரையோரம் கடல் தட்டையாக, சாதுவாகத் தெரியும். ஆனால் காற்றில் அகப்பட்ட எதுவும் வெளிக்கடலுக்குத்தான் போகும். தொப்பி, வெள்ளை ரிஜிபோம் பலகை, பலூன் போனால் போகட்டும். பின்னால் ஒருவரும் இறங்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லி வையுங்கள். லைட் ஸ்டாண்டில் மாட்டிய, ஒளியை மென்மையாக்கும் சொப்ட் பொக்ஸ் அந்தக் காற்றில் பாய் மாதிரி இழுக்கும். ஒவ்வொரு ஸ்டாண்டின் காலிலும் மணல் நிரப்பிய 5 கிலோ அரிசிப் பை ஒன்று தொங்க வேண்டும், அதோடு ஒருவர் கையால் பிடித்திருக்கவும் வேண்டும். காற்று பலமென்றால் ஸ்டாண்டை எடுக்கவே வேண்டாம். வெள்ளைப் பிரிஸ்டல் போர்ட்டை ஒரு மாணவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாலே முகத்துக்குப் போதிய ஒளி கிடைக்கும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடையும் மழையும் கொந்தளிப்பும். அந்த மாதங்களில் கடற்கரையைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மதியத்துக்குப் பிறகு இடி வரும். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 செக்கனுக்குக் குறைவென்றால் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. திறந்த மணலை விட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும், மரத்தடிக்கு அல்ல. கடைசி முழக்கத்திலிருந்து 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வரலாம்.

எங்கே எடுப்பது, எங்கே எடுக்கக் கூடாது

பிரட்றிக் கோட்டை வாசலும் கோணேசர் கோயில் பாதையும் எல்லாருக்கும் ஆசை. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. முகாம் கட்டடம், காவலரண், சீருடையினர் எதுவும் படத்தில் வரக் கூடாது. வாசலில் நின்று கெஞ்சுவது அனுமதி ஆகாது; பாடசாலைக் கடிதத்தோடு முன்கூட்டியே கேட்க வேண்டும். கோயில் வளவுக்குக் கோயில் நிர்வாகத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். பூசை நேரத்தில் அங்கே படப்பிடிப்பு வேண்டாம், பக்தர் வரிசையை மறிக்கவும் வேண்டாம். கோயில் நிற்கும் சுவாமி மலையின் விளிம்பும் அங்குள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டும் முந்நூறு அடிக்கும் மேலான செங்குத்து. மதிலில் ஏறுவதும் சாய்வதும் மதிலில் தொலைபேசியை நிறுத்தி வைப்பதும் முழுத் தடை. அங்கே ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டாம்.

கோட்டைப் பாதையில் திரியும் புள்ளிமான்கள் மனிதருக்குப் பழகியவை, ஆனால் வளர்ப்பு மிருகங்கள் அல்ல. கொம்புள்ள கிடாவின் பக்கத்தில் தோளில் கைபோடுவது போல நின்று படம் எடுக்க முயல்வதைக் காண்கிறோம். தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினால் கொம்பு கண் உயரத்தில்தான் வரும். மூன்று மீற்றர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிஸ்கட் பொதியைக் கண்டால் பொலித்தீனோடு விழுங்கிவிடும் என்பதால் தின்பண்டம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

தண்டவாளம் வேண்டவே வேண்டாம். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் ரயில் ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் கடக்கும். காற்று எதிர்த்திசையில் அடித்தால் சத்தம் பிந்தித்தான் காதில் விழும். புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டோடு படகில் போக வேண்டியது. சுற்றுலாவாகப் போகலாம், நாற்பது பேரை முருகைக் கல்லின் மேல் நிறுத்திக் குழுப்படம் எடுக்கும் இடம் அல்ல. நிலாவெளி வீதியில் உள்ள போர்க்கால மயானத்தின் புல்வெளி அழகுதான், ஆனாலும் அது கல்லறை.

எங்கள் தெரிவு: முழு வகுப்புப் படம் பாடசாலை வளவிலுள்ள பெரிய மரத்தின் நிழலில், சிறு குழுக்கள் டச்சுபேயிலோ உப்புவெளியிலோ விடியலில், அந்திப் படங்கள் உட்துறைமுகக் கரையில். எந்த இடமானாலும் கமராக்காரரும் பொறுப்பாசிரியரும் ஒரு கிழமைக்கு முன்னர், அதே நாள் கிழமையில், அதே நேரத்தில் போய்ப் பார்த்து வர வேண்டும். சனிக்கிழமை விடியலில் கரைவலை இழுக்கும் இடம் எது, மீன் லொறி எங்கே நிற்கும், கழிப்பறை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் மாலையில் போய்ப் பார்த்தால் தெரியாது.

கையொப்பங்கள்

பாடசாலைக்கு வெளியே போவதென்றால் அதிபரின் எழுத்து அனுமதியும், அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் வேண்டும். இதற்கு இரண்டு கிழமையாவது ஒதுக்குங்கள்.

பெற்றோர் படிவத்தில் "படம் எடுக்கச் சம்மதம்" என்று ஒரே வரி போட்டால் பிறகு சிக்கல். மூன்று கேள்வியாகப் பிரியுங்கள்: படம் எடுக்கலாமா? மலரில் அச்சிடலாமா? பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போடலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. பல வீடுகளில் முதல் இரண்டுக்கும் ஆம், மூன்றாவதற்கு இல்லை என்று வரும். பெண் பிள்ளைகளின் வீடுகளில் அதிகம். காரணம் கேட்க வேண்டியதில்லை. இங்கே ஒரே வகுப்பில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் இருக்கலாம் என்பதால் தேவைப்படும் வீட்டுக்குச் சிங்களத்திலும் படிவம் போக வேண்டும். அதே தாளில் ஒவ்வாமை, இழுப்பு, வலிப்பு, அன்றாட மருந்து, நீந்தத் தெரியுமா, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள் என்பவற்றையும் கேளுங்கள்.

இணையத்துக்கு "இல்லை" சொன்ன பிள்ளையின் சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டி அடையாளப்படுத்தும் பழக்கம் கொடியது. எல்லாரும் நிற்கும் படத்தை முதலில் எடுத்துவிட்டு, "இப்போது இன்னொரு வரிசை மாற்றம்" என்று சொல்லி, அவர்களோடு இன்னும் இரண்டு மூன்று பேரையும் வெளியே எடுத்து இரண்டாவது படம் எடுங்கள். முதலாவது அச்சுக்கு, இரண்டாவது இணையத்துக்கு. யார் ஏன் வெளியே போனார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

கமராக்காரர் எந்த மாணவரோடும் தனியாக இருக்கக் கூடாது; எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண் ஆசிரியர். உடை மாற்றும் அறைப் பக்கம் எந்தக் கமராவும் தொலைபேசியும் போகக் கூடாது, பின்னணி எடுக்கிறோம் என்று சொல்லியும் கூடாது. கழுத்துப்பட்டி சரிந்திருந்தால் கமராக்காரர் கை வைப்பதில்லை. தன் சட்டையில் செய்து காட்டுவார், அல்லது பக்கத்தில் நிற்கும் தோழி சரிசெய்வாள்.

கணக்கும் மணியும்

40 தனிப்படங்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம், மொத்தம் 80 நிமிடம். ஆளுக்கு அரை நிமிடம் போதும் என்று நினைப்பவர்கள் எழும்பி வருவதற்கும் தலை சீவுவதற்கும் பிடிக்கும் நேரத்தை மறக்கிறார்கள். ஐந்து ஐந்து பேராகக் கூப்பிடுங்கள்: ஒருவர் கமராவுக்கு முன், ஒருவர் கண்ணாடிக்கு முன், மூவர் வாங்கில். மிச்சப்பேர் நிழலில். நாற்பது பேரையும் வெயிலில் வரிசையில் நிறுத்துவதால்தான் மயக்கம் வருகிறது.

காலைப் படப்பிடிப்புக்கு ஜூலை மாதத்தை வைத்து ஒரு மணிக்கணக்கு. 5.00க்குப் பாடசாலை வாசலில் கூடி எண்ணுதல், 5.20க்குக் கரை, 5.35 முதல் 7.00 வரை சிறு குழுக்கள், 7.10க்குக் கரையை விடமுன் மறுபடி எண்ணுதல், 7.30க்குப் பாடசாலையில் சிற்றுண்டி, 8.00 முதல் 8.30 வரை மரநிழலில் முழு வகுப்புப் படம், 8.40 முதல் பத்துவரை தனிப்படங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம் சும்மா விட்டிருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை எடுத்து இன்னொரு போஸைச் செருகியவுடனே திட்டம் சாய்ந்துவிடும். பிந்தினால் ஒரு படத்தை வெட்டுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

எண்ணுவதற்குச் சோடி முறை நல்லது. ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி, ஒவ்வொரு சோடிக்கும் ஒரு இலக்கம். ஆசிரியர் "ஏழு" என்றால் இரண்டு குரல் வர வேண்டும். ஒரு குரல் வந்தால் நிறுத்தித் தேட வேண்டும். பத்து மாணவருக்கு ஒரு பெரியவர், நீரோரம் என்றால் ஏழு எட்டுப் பேருக்கு ஒருவர்.

தண்ணீர்: மூன்று மணித்தியாலத்துக்கு ஆளுக்கு ஒரு லீற்றர், 19 லீற்றர்க் கலன் மூன்று. நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதிகள் ஆறு, முதலுதவிப் பெட்டி ஒன்று, அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. வெறும் வயிற்றில் ஒருவரும் வரக் கூடாது. விடிய ஒரு வாழைப்பழமும் பிஸ்கட்டும் போதும். சாப்பாட்டில் ஹலாலும் சைவமும் முன்பே எழுதி வாங்குங்கள்.

முழு வகுப்புப் படம்

மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் எல்லாரும் பத்திரம் என்று நினைக்கும் இடமும் இதுதான். 44 பேரை நாலு வரிசையாக்குங்கள்: பாயில் 10, கதிரையில் 10, தரையில் நிற்க 12, வாங்கின் மேல் 12. இந்த நாலு உயரங்களே போதும். மேசைக்கு மேல் வாங்கு, வாங்குக்கு மேல் கதிரை என்று அடுக்க எந்தத் தேவையும் இல்லை.

ஒருவருக்கு 45 சென்ரிமீற்றர் அகலம். 12 பேருக்கு 5.4 மீற்றர். நாலு பேர் நிற்கும் வாங்கு 1.8 மீற்றர் நீளம் இருக்க வேண்டும். அளந்து பாருங்கள், குறைந்தால் மூவர் மட்டும். ஒற்றை வாங்கின் பலகை குறுகல், அதனால் இரண்டிரண்டாக ஒட்டிப் போட்டுக் கால்களைக் கயிற்றால் பிணையுங்கள். மொத்தம் ஆறு வாங்கு. மணலிலோ ஈரப் புல்லிலோ வாங்கு போடக் கூடாது; ஒரு கால் புதைந்தாலே வரிசை முழுதும் ஒரு பக்கம் சாயும்.

வாங்கு எப்படிக் கவிழ்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பலகையின் நுனி, காலைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும். அந்த நுனியில் ஒருவர் நிற்கும்போது நடுவில் நிற்பவர்களின் பாரம்தான் மறுபக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது. படம் எடுத்து முடிந்ததும் நடுவில் நிற்பவர்கள் முதலில் குதிப்பார்கள். பாரம் போய்விடும். நுனியில் நிற்கும் பிள்ளையின் பக்கம் பலகை சட்டென்று இறங்கும், மறுமுனை எழும்பும். ஆகவே ஏறும்போது நடுவிலிருந்து வெளியே. இறங்கும்போது நுனியில் நிற்பவர் முதலில், நடுவில் நிற்பவர் கடைசியில். வாங்கின் இரு முனையிலும் ஒவ்வொரு ஆசிரியர் கைகொடுத்து இறக்க வேண்டும். "முடிஞ்சுது" என்ற சொல்லைக் கமராக்காரர் சொல்லவே கூடாது. கேட்டதும் எல்லாரும் ஒரேயடியாகக் குதிப்பார்கள். "அப்படியே நில்லுங்கோ" என்று சொல்லி, வரிசை வரிசையாகக் கூப்பிட வேண்டும்.

யார் எங்கே நிற்பது என்பதை முதல் நாள் வகுப்பறையில் தீர்த்துவிடுங்கள். தலைமுடியைப் பார்த்து அல்ல, தோள் உயரத்தைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் வரிசையும் இடமும் சேர்ந்த இலக்கம்: "மூன்று, எட்டு" என்றால் மூன்றாம் வரிசை எட்டாவது ஆள். அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டுங்கள். அன்று விடிய தரையில் 45 சென்ரிமீற்றருக்கு ஒரு சோக்குக் கோடு. 44 பேரும் நாலு நிமிடத்தில் இடத்தில் நிற்பார்கள். மலருக்குப் பெயர் எழுதும்போதும் அதே வரைபடம் உதவும்.

இனி கமரா. 5.4 மீற்றர் வரிசைக்கு இரு பக்கமும் அரை மீற்றர் விட்டால் 6.4. முழுச் சட்டக சென்சரில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் 9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். சிறிய ஏபிஎஸ்-சி சென்சரில் 35 மி.மீ. லென்ஸ், 9.5 மீற்றர். அவ்வளவு இடம் இருக்கிறதா என்று மரத்தடியில் முன்பே அளந்து வையுங்கள். இடம் போதாமல் அகல லென்ஸுக்கு மாறினால் இரு முனையிலும் நிற்பவர்களின் தலை பக்கவாட்டில் இழுபடும். அவர்களில் ஒருவர் கட்டாயம் வருத்தப்படுவார். தொலைபேசியிலும் அப்படியே: 0.5 என்ற அகலக் கோணத்தைத் தொடவே வேண்டாம், பின்னால் போங்கள். கமராவின் உயரம் நிற்கும் வரிசையின் கண் மட்டம் அல்லது ஒரு சாண் மேலே.

முன் வரிசையிலிருந்து பின் வரிசைக்கு ஏறத்தாழ இரண்டரை மீற்றர் ஆழம் வரும். லென்ஸின் துளை எஃப் 8, வேகம் 1/200 செக்கன், மரநிழலுக்கு ஐஎஸ்ஓ 400 முதல் 800. குவிமையம் கதிரை வரிசையில், நடுவில் இருப்பவரின் கண்ணில். பின்னணி மங்க வேண்டும் என்று எஃப் 1.8க்குத் திறந்தால் பெரிதாக அச்சிடும்போது வாங்கு வரிசை கலங்கித் தெரியும்.

வெள்ளைச் சீருடை இன்னொரு பொறி. சட்டகம் நிறைய வெள்ளை இருந்தால் கமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், முகங்கள் கறுக்கும். கமராவின் ஒளி ஈட்டை (எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன்) +0.7 வரை கூட்டி, ஒரு படம் எடுத்து, வெள்ளைச் சட்டையில் மடிப்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மடிப்பு போய் வெறும் வெள்ளையாகிவிட்டால் கொஞ்சம் குறையுங்கள். கோப்பு, பிறகு ஒளியைத் திருத்த இடம் தரும் றோ (RAW) வடிவில் இருக்கட்டும். மரத்தின் கீழ் இலை இடைவெளியால் விழும் வெயில் பொட்டுகள் யார் முகத்திலாவது விழுகின்றனவா என்றும் பாருங்கள். எட்டு மணிக்கு இல்லாத பொட்டு எட்டரைக்கு வரும்.

கண் மூடல்: எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லி, திறந்தவுடன் தொடர்ந்து நாலு படம். இதை நாலு முறை செய்தால் பதினாறு படம். 44 பேரும் கண் திறந்த ஒன்று அதற்குள் பெரும்பாலும் கிடைக்கும்.

கரையில்

திருகோணமலையில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு, ஒரு மீற்றருக்கும் கீழே. அதனால் "இப்போது வற்று, பயமில்லை" என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆபத்து அலைத்தொகுதியில் இருக்கிறது. பல சின்ன அலைகளுக்குப் பிறகு சில பெரிய அலைகள் சேர்ந்து வரும். வந்தவுடன் படமெடுக்கத் தொடங்காமல், 15 நிமிடம் நின்று மிக உயர ஏறிய அலை எங்கே தொட்டது என்று பாருங்கள். அந்த ஈரக் கோட்டிலிருந்து மேலே பத்துக் காலடி எடுத்து வைத்து, நாலு தடி ஊன்றிக் கயிறு கட்டுங்கள். அதற்குக் கீழே நிற்கும் படங்களுக்கு ஒரு நேரத்தில் ஆறு பேர், கணுக்கால் நீர், அவ்வளவுதான். முழங்கால் நீரில் அலை திரும்பும்போது காலடி மணலை அரித்து எடுத்துவிடும், பிள்ளை முன்னுக்கு விழும்.

சாறி கட்டியவர்கள் கயிற்றுக்குக் கீழே வர வேண்டாம். நனைந்த ஐந்தரை மீற்றர்த் துணி காலைச் சுற்றிப் பிணைத்துவிடும், நீந்தத் தெரிந்தவருக்கும் அப்போது கால் அடிக்க வராது.

அலைகள் உடைந்து வெள்ளையாக வரும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் அமைதியாக, சற்றே கலங்கிய நிறத்தில் ஒரு வாய்க்கால் போல் தெரிந்தால் அதுதான் இழுவை, ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் நீரோட்டம். அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் இறங்கப் பார்ப்பார்கள். அந்த இடத்தை விட்டுக் குறைந்தது 50 மீற்றர் தள்ளி நில்லுங்கள். இரண்டு பெரியவர்கள் கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும், வேறு எந்த வேலையும் இல்லாமல், தொலைபேசி இல்லாமல். கையில் 20 மீற்றர்க் கயிறு, நுனியில் இறுக்கமாக மூடிய வெறும் 5 லீற்றர் பிளாஸ்ரிக் கலன் கட்டியது. யாராவது இழுபட்டால் எறிய வேண்டியது அதை; பின்னால் குதிப்பதல்ல.

கரையில் அதிகம் நனைவதும் விழுவதும் கமராக்காரர்தான். கண் வியூபைண்டரில், கால் பின்னோக்கி, முதுகு கடலுக்கு. ஆகவே கமராக்காரருக்கு ஒரு துணையாள். அவர் கை கமராக்காரரின் தோளில் இருக்கும். கை அழுத்தினால் நிற்க வேண்டும். துணையாள் இல்லாத நேரம் ஒருவரும் பின்னால் நடக்கக் கூடாது. கோட்டை மதிலடியிலும் இதே சட்டம்.

கரைவலை இழுக்கும் இடத்தில் கயிறு மணலில் தளர்ந்து கிடப்பது போல் இருக்கும். வலையிழுப்பை நடத்தும் சம்மாட்டி குரல் கொடுத்ததும் முழங்கால் உயரத்துக்கு விறைத்து எழும்பும். கயிற்றைத் தாண்ட வேண்டாம், வலையிழுப்பவர்களின் படம் வேண்டுமென்றால் கேட்டு எடுங்கள். துள்ளும் படத்துக்கு வெறுங்காலோடு காய்ந்த மணல், அதற்கு முன் அந்த இடத்தைக் கையால் அளைந்து தூண்டில் முள்ளும் போத்தல் ஓடும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒருவரைத் தூக்கி எறிந்து பிடிக்கும் படத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். எறிபவர்கள் நாலு பேரும் அந்த நொடியில் கமராவைத்தான் பார்ப்பார்கள்.

வண்ணப்பொடியும் புகைக்குழலும் விடைபெறும் நாட்களில் பரவி வருகின்றன. புகைக்குழலின் உடம்பு கையைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறும். சோளமாப்பொடி காற்றில் மேகமாகப் பரவினால் தீப்பற்றும்: 2015 ஜூன் 27இல் தாய்வானில் ஒரு நீர்ப்பூங்கா விழாவில் தூவிய வண்ணப்பொடி பற்றி 15 பேர் இறந்தார்கள், கிட்டத்தட்ட 500 பேர் எரிகாயமடைந்தார்கள். நிறம் வேண்டுமென்றால் துணித் தோரணமோ குடையோ போதும்.

கமராவுக்கும் இரண்டு சொல். ஏசி போட்ட வானிலிருந்து இறங்கியவுடன் லென்ஸ் ஆவி பிடித்துவிடும். அது தெளிய 20 நிமிடம் போகும், விடியலில் அந்த 20 நிமிடம்தான் எல்லாமே. வானில் ஏசியை நிறுத்தி வாருங்கள், அல்லது கமராப் பையை இரவே ஏசி இல்லாத அறையில் வையுங்கள். கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். உப்புத் துளியை உலர்த் துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு சற்று ஈரமான துணியால் ஒற்றி எடுங்கள்.

எடுத்த பிறகு

தனிப்படங்களில் ஒவ்வொரு மாணவரும் முதல் படத்துக்குத் தன் இலக்க அட்டையைப் பிடிக்க வேண்டும். பெயர் அல்ல, இலக்கம். கோப்பின் பெயரிலும் இலக்கம் மட்டுமே. பிள்ளையின் முழுப்பெயரும் பாடசாலையும் வகுப்பும் ஒரே கோப்பில் இருந்தால், அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. தொலைபேசியில் எடுத்தவற்றின் இடக்குறிப்பை நீக்குங்கள். பெயர்ப்பட்டியல் தனித்தாளில், பொறுப்பாசிரியரிடம்.

அன்று இரவே இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு வன்தட்டில், இரண்டு வெவ்வேறு வீட்டில். மெமறி கார்ட்டை அழிப்பது, ஒருவர் கோப்புகளைத் திறந்து பார்த்து 40 இலக்கமும் இருக்கின்றன என்று எழுதிய பிறகுதான். இணையத்தில் போடும் முன் பெற்றோர் படிவங்களையும் படங்களையும் இருவர் சேர்ந்து ஒப்பிட வேண்டும். ஒருவர் இலக்கத்தை வாசிக்க மற்றவர் படத்தைப் பார்ப்பது. பிறகு யாராவது தன் படத்தை எடுக்கச் சொன்னால் அன்றே எடுக்க ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும். உதவிக்கு நின்றவர்களின் தொலைபேசிகளில் கிடக்கும் படங்களை அன்று மாலையே பொறுப்பாசிரியருக்கு முன்னால் ஒப்படைத்து அழித்துவிடுங்கள், "அழிக்கப்பட்டவை" பகுதி உட்பட.